சித்ர சந்தேயா, கேலரியா, குறும்பட விழாவா, நல்கையா: பெங்களூருவில் எதற்கு முதலில் போவது?

அல்சூரிலோ ஃபிரேசர் டவுனிலோ இருந்துகொண்டு வேலை போக மிச்ச நேரத்தில் வரைகிறவர்களுக்கும், நண்பர்களைச் சேர்த்துக் குறும்படம் எடுத்து முடித்தவர்களுக்கும் பெங்களூருவில் வாய்ப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் இந்த வாய்ப்புகள் தனித்தனியானவை போலத் தெரிந்தாலும், ஒன்றில் நுழைந்தால் இன்னொன்றின் கதவு சாத்திக்கொள்ளும் இடங்கள் உண்டு. சித்ர சந்தே என்ற ஒருநாள் தெருவோர ஓவியச் சந்தையில் மூவாயிரம் ரூபாய்க்கு விற்ற ஓவிய வரிசையில் மிச்சம் இருப்பதை எந்த கேலரியும் முப்பதாயிரம் என்று சொல்லி விற்க முடியாது. யூடியூபில் ஏற்றிவிட்ட குறும்படத்தைப் பல விழாக்கள் எடுப்பதில்லை. முடிந்துபோன வேலைக்கு நல்கை (கலை அமைப்புகள் தரும் நிதியுதவி) கிடைப்பது அரிது. அதனால் எது பெரியது, எது புகழ் தரும் என்று பார்ப்பதற்கு முன்னால் வரிசையைத் தீர்மானிக்க வேண்டும். வரிசை தவறினால் பணம் கொடுத்தும் சரிசெய்ய முடியாது.

உங்கள் படைப்பு போய் எதைக் கொண்டுவர வேண்டும் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கையில் காசா, நடுவர் குழு தேர்ந்தெடுத்தது என்ற பதிவா, பார்த்துப் பேசும் ஆட்களா, அடுத்த வேலைக்கான நேரமா? இந்த நான்கையும் ஒரே இடம் தராது.

சித்ர சந்தே: ஒரு நாள், ஒரு தெரு

குமாரகிருபா சாலையில் கர்நாடக சித்ரகலா பரிஷத் நடத்தும் சித்ர சந்தே, ஆண்டுக்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. வழக்கமாக ஜனவரி முதல் பாதியில் வரும். 2025 ஜனவரி 5 அன்று நடந்தது 22வது. அன்று சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு, நாடெங்கிலும் இருந்து வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கலைஞர்களை இருபுறமும் உட்காரவைப்பார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஒரு பொருளுக்கு அர்ப்பணிப்பார்கள். 2025ல் அது பெண் குழந்தை. அந்தப் பொருளில்தான் வரைய வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. விண்ணப்பம் முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களில் திறக்கும். படைப்புகளின் புகைப்படங்களைப் பார்த்துத்தான் இடம் கொடுக்கிறார்கள். டிசம்பரில் விசாரித்தால் காலம் கடந்திருக்கும்.

சந்தேயில் முதன்முறை உட்காருகிறவர்கள் செய்யும் பெரிய பிழை, பெரிய கேன்வாஸ்களை மட்டும் கொண்டுவருவது. மூன்றடிக்கு நான்கடி ஓவியத்தைப் பார்த்து நிற்பார்கள், பாராட்டுவார்கள், செல்ஃபி எடுப்பார்கள். அந்தக் கூட்டத்தில் அதைத் தூக்கிக்கொண்டு நடக்க யாராலும் முடியாது, ஆட்டோவும் சாலைக்குள் வராது. அங்கே உண்மையில் நகர்வது கையில் எடுத்துப்போகக்கூடிய அளவுதான்: ஏ4, ஏ3 தாளில் மூல ஓவியங்கள், நல்ல தாளில் எடுத்த பிரின்ட்கள், பன்னிரண்டு அங்குலச் சதுர கேன்வாஸ்கள். பெரியது ஒன்றோ இரண்டோ போதும். கூட்டத்தை நிறுத்த அது வேண்டும். பெரியதை வாங்க விரும்புகிறவரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு மறுநாள் வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லுங்கள்.

பிரின்ட் விஷயத்தில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அமிலம் நீக்கிய பருத்தித் தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை), நிறமி மையில் அச்சு. இதுதான் குறைந்தபட்சம். தெருக்கோடி டிஜிட்டல் கடையில் பளபளப்பான தாளில் எடுத்தது சுவரில் மாட்டிச் சில மாதத்தில் வெளுக்கும், வாங்கியவர் உங்கள் பெயரை மறக்க மாட்டார். மொத்தம் எத்தனை என்று அச்சடிக்கும் முன்பே முடிவுசெய்து, கீழ் ஓரத்தில் பென்சிலால் 1/20, 2/20 என்று எண்ணிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இருபது என்று எழுதிவிட்டால் இருபத்தொன்றாவது கிடையாது. அந்த ஒழுக்கம் பின்னாளில் கேலரியோடு பேசும்போது கைகொடுக்கும்.

விலைக்கு ஒரு எளிய கணக்கு. ஏ3 பிரின்டுக்கு அச்சு 400, மவுண்ட் 150, கவரும் பின்னட்டையும் 50 என்று வைத்துக்கொண்டால் அடக்கம் 600. அதை 900க்கு விற்றால் கையில் நிற்பது 300. நாற்பது விற்றால் பன்னிரண்டாயிரம். அதில் போக்குவரத்து, ஸ்டாண்ட், உதவிக்கு வந்தவரின் சாப்பாடு, விற்காமல் திரும்பும் பிரின்ட்களின் செலவு எல்லாம் போக வேண்டும். அடக்கத்தின் மூன்று மடங்குக்குக் கீழே விலை வைத்தால் அந்த நாள் விளம்பரத்துக்கு ஆனதாகத்தான் கணக்கு எழுத வேண்டியிருக்கும். பேரம் நிச்சயம் நடக்கும். பேரத்துக்காக விலையை ஏற்றிவைப்பதைவிட, இரண்டு எடுத்தால் இவ்வளவு என்று ஒரு விலையை எழுதிவைப்பது நல்லது. ஓவியத்தின் விலை இறங்காது, வாங்குபவருக்கும் மனம் நிறையும்.

வெயிலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜனவரிக் காலையில் குளிரும், பதினோரு மணிக்குமேல் நேர்வெயில் விழும். அக்ரிலிக் படலம் சூட்டில் இளகும். கேன்வாஸ்களை முகத்தோடு முகம் வைத்து அடுக்கினால் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது நிறம் பெயர்ந்து வரும். இடையில் கிளாசின் தாள் (வழவழப்பான, ஒட்டாத மெல்லிய தாள்) வையுங்கள். பபிள் ராப்பை நேராக வர்ணத்தின்மேல் சுற்றினால் அதன் குமிழ்த் தடம் அப்படியே பதிந்துவிடும். கண்ணாடி ஃபிரேமுக்குள் இருக்கும் நீர்வண்ணம் வெயிலில் வியர்க்கும். கண்ணாடிக்குப் பதில் 2 மி.மீ. அக்ரிலிக் ஷீட் போட்டால் உடையும் பயமும் இல்லை, எடையும் குறையும். கம்பி வலை ஸ்டாண்டின் கால்களில் மணல் பையோ தண்ணீர் கேனோ கட்டுங்கள். காற்று ஒருமுறை அடித்தால் வரிசையாகச் சாயும்.

காசு வாங்க கியூஆர் அட்டை போதும் என்று நினைக்க வேண்டாம். கூட்டம் நெருக்கும் மதிய நேரத்தில் மொபைல் இணையம் திணறும். இரண்டு நிறுவனங்களின் சிம், சில்லறை, ரசீதுப் புத்தகம் மூன்றும் கைவசம் இருக்கட்டும். சாயங்காலம் ஆறரைக்கு இருட்டிவிடும். எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் பேட்டரி எல்ஈடி விளக்குகளில் வெள்ளை 4000 கெல்வின் வகையாகப் பார்த்து வாங்குங்கள். நீலம் தூக்கிய 6500 வகையில் சிவப்பும் மஞ்சளும் செத்துப்போகும். பெயர்ப்பலகையில் கன்னடம் முதலில் இருக்கட்டும். ‘எஷ்டு?’ (எவ்வளவு?) என்று கேட்பவருக்குக் கன்னடத்தில் பதில் சொல்ல ஒருவராவது ஸ்டாலில் இருக்க வேண்டும். தமிழில் பேச வருபவர்கள் தானாக வருவார்கள்; ஓசூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் அன்று காலை பஸ் ஏறி வருபவர்கள் குறைவில்லை.

வரிக்கு ஒரு சொல். பொருள் விற்பனையில் ஆண்டு வரவு 40 லட்சம் ரூபாய் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டியதில்லை என்பது பொது விதி. ஆனால் ஓவியத்தைச் சென்னைக்கோ கோவைக்கோ அனுப்பி விற்றால் அது மாநிலம் கடந்த விற்பனை, அதற்கு அந்த வரம்பு பொதுவாகப் பொருந்தாது. சந்தேக்குப் பிறகு ‘ஊருக்கு அனுப்ப முடியுமா’ என்று ஆர்டர் வரத் தொடங்கும் முன்பே ஒரு ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

வாடகை கேலரி: ஒரு வாரச் சுவர்

சித்ரகலா பரிஷத் வளாகத்திலேயே வாடகைக்குக் காட்சிக்கூடங்கள் உண்டு. கஸ்தூர்பா சாலையில் அரசு அருங்காட்சியகத்தை ஒட்டி வெங்கடப்பா ஆர்ட் கேலரி. எம்.ஜி. ரோடு மெட்ரோ நிலையத்தை ஒட்டி ரங்கோலி மெட்ரோ ஆர்ட் சென்டர்; அல்சூர்க்காரர்களுக்கு இரண்டே நிலையம். இம்மாதிரிப் பொதுக் கேலரிகளில் விண்ணப்பக் கடிதம், படைப்புகளின் படங்கள், வைப்புத்தொகை கேட்பார்கள். நல்ல வாரங்கள் மாதக்கணக்கில் முன்பே போய்விடும். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை வேண்டுமானால் கோடையிலேயே கேட்க ஆரம்பியுங்கள்.

வாடகை ஒன்றை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுகிறவர்கள் பாதியில் திணறுவார்கள். வாடகைமேல் ஜிஎஸ்டி, எல்லாவற்றுக்கும் ஃபிரேம், டெம்போ, அழைப்பிதழ், பெயர்ச்சீட்டு, திறப்பு விழாத் தேநீர், ஒரு வாரம் முழுக்க அங்கே ஒருவர் உட்கார்ந்திருப்பது என்று செலவு நீளும். பெரும்பாலான காட்சிகளில் வாடகையைவிட ஃபிரேம் செலவு அதிகம். தனியாக எடுப்பதைவிட மூன்று நான்கு பேர் சேர்ந்து எடுப்பதே முதல் காட்சிக்குச் சரி என்பது எங்கள் உறுதியான கருத்து. செலவு பங்காகும் என்பது ஒரு காரணம்தான். ஒவ்வொருவரும் அழைக்கும் ஆட்கள் மற்றவர்களின் வேலையையும் பார்ப்பார்கள். தனிக்காட்சியில் திறப்பு நாள் போனபின் செவ்வாய், புதன் மதியங்களில் ஆளே இருக்காது.

எத்தனை ஓவியம் தொங்கும் என்பதைச் சுவர் நீளத்தை வைத்துக் கணக்கிடுங்கள். அறுபது அடிச் சுவர், ஓவியம் சராசரி இரண்டடி அகலம், இடைவெளி ஒன்றரை அடி என்றால் பதினேழு. இருபத்தைந்தைத் திணித்தால் ஒன்றையும் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். கதவு, சுவிட்ச் போர்டு, தீயணைப்புக் கருவி ஆகியவற்றின் நீளத்தைக் கழிக்க மறக்காதீர்கள். அதற்காகவே ஒருமுறை டேப்போடு நேரில் போய் அளந்து வருவது அவசியம்.

மாட்டும் முறைக்கு வருவோம். ஓவியத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் வர வேண்டும். மேல் விளிம்புகளை ஒரே கோட்டில் வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அளவு வேறுபட்ட ஓவியங்களில் அது கண்ணை அலைக்கழிக்கும். பொதுக் கேலரிகளில் ஆணி அடிக்க விடமாட்டார்கள். மேலே ரெயிலில் இருந்து ஸ்டீல் கம்பியோ தடித்த நைலான் நூலோ தொங்கும். ஃபிரேமின் பின்புறம் டி-வளையங்களை மேலிருந்து கால் பங்கு இறக்கத்தில் போடுங்கள். அதற்கும் கீழே போட்டால் ஓவியம் முன்பக்கம் சாய்ந்து தொங்கும், மேல் விளக்கு நேராகக் கண்ணாடியில் விழுந்து பார்ப்பவர் முகம்தான் தெரியும். ஒற்றைக் கொக்கியில் மாட்டினால் மாலைக்குள் எல்லாம் கோணலாகும். இரண்டு புள்ளியில் தொங்கவிடுங்கள். விளக்கை 30 டிகிரி சாய்வில் வைத்தால் கண்ணாடிப் பிரதிபலிப்பு குறையும்.

விற்பனை என்று பார்த்தால் வாடகைக் காட்சியில் எண்ணிக்கை குறைவு, விலை அதிகம். சந்தேயில் நாற்பது பிரின்ட் போகும் இடத்தில் இங்கே மூன்று மூல ஓவியம் போகலாம், ஒன்றும் போகாமலும் இருக்கலாம். இங்கே கிடைப்பது வேறு: சுவரில் தொங்கிய நிலையில் எடுத்த நல்ல புகைப்படங்கள், வருகைப் பதிவேட்டில் நூறு பெயர்கள், ஒரு வாரம் ஓவியத்தின் முன் நின்று பேசிய பேச்சு. தேர்ந்தெடுத்துக் காட்டும் இடங்களுக்கு அடுத்து விண்ணப்பிக்கும்போது இந்தப் படங்கள்தான் உங்கள் சான்று. ஒரு நாளைக் கட்டாயம் முழுக்கப் புகைப்படத்துக்கு ஒதுக்குங்கள். திறப்பு நாள் கூட்டத்தில் எடுத்தவை எதற்கும் உதவாது.

வாடகை வாங்காமல் தாங்களே தேர்ந்தெடுத்துக் காட்டும் இடங்கள் வேறு வகை. கேலரி சுமுகா போன்ற விற்பனைக் கேலரிகள், சாந்திநகரில் சுரேஷ் ஜெயராம் தொடங்கிய ஒன் ஷாந்தி ரோடு போன்ற கலைஞர் நடத்தும் வெளிகள் இவ்வகை. இங்கே விண்ணப்பம் போட்டவுடன் இடம் கிடைக்காது. முதலில் பார்வையாளராக அடிக்கடி போக வேண்டும், அங்கே எந்த மாதிரி வேலை வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அனுப்புவது பத்துப் பன்னிரண்டு படங்கள் கொண்ட ஒரே பிடிஎஃப், 5 எம்பிக்குள்; ஒவ்வொரு படத்தின் கீழும் தலைப்பு, ஊடகம், அளவு, ஆண்டு; இருநூறு சொல்லுக்குள் குறிப்பு. விற்பனைக் கேலரிகள் விலையில் 30 முதல் 50 சதவீதம்வரை எடுப்பது வழக்கம். அதனால்தான் சந்தே விலையைப் பற்றி முதலிலேயே சொன்னது. கேலரிக்குப் போகும் எண்ணம் இருந்தால் மூல ஓவியங்களைச் சந்தேக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கே பிரின்ட், ஸ்கெட்ச், சிறு பயிற்சி ஓவியங்கள் மட்டும். இரண்டு விலைகளும் இரண்டு வகைப் பொருளுக்கு என்று ஆகிவிட்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

குறும்படம்: விழா முதலில், யூடியூப் கடைசியில்

படம் எடுத்தவர்களுக்கு வரிசை இன்னும் கறாரானது. பெங்களூரு சர்வதேசக் குறும்பட விழா ஆகஸ்டில் நடப்பது. ஆஸ்கர் தகுதி விழாக்களின் பட்டியலில் இடம்பெற்ற ஒன்று. அங்கே குறிப்பிட்ட பிரிவுகளில் பரிசு வாங்கும் படம் ஆஸ்கரின் குறும்படப் பிரிவுக்கு விண்ணப்பிக்கும் தகுதி பெறும். ஆஸ்கர் விதிப்படி படம் டைட்டில் உட்பட 40 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். பரிசு வாங்கும் முன்பே இணையத்திலோ டிவியிலோ பொதுவில் வந்திருந்தால் தகுதி போய்விடும். படத்தின் நீளத்தில் பத்து சதவீதம்வரை டிரெய்லராக விடலாம். ஆஸ்கர் எல்லாம் நமக்கெதற்கு என்று தோன்றலாம். ஆனால் உலகெங்கும் பல விழாக்கள் இதே பாணியில்தான் ‘முன்பு எங்கே காட்டினீர்கள்’ என்று கேட்கின்றன. உற்சாகத்தில் பொங்கல் அன்று யூடியூபில் ஏற்றிய படம் ஆகஸ்ட் விழாவுக்கு உதவாமல் போவதை இங்கே ஆண்டுதோறும் பார்க்கலாம். கடவுச்சொல் போட்ட தனி லிங்க் பிரச்சினை இல்லை.

கர்நாடக சலனசித்ர அகாடமி நடத்தும் பெங்களூரு சர்வதேசத் திரைப்பட விழா வேறு. 2025ல் 16வது விழா மார்ச் 1 முதல் 8 வரை நடந்தது. அது முழுநீளப் படங்களுக்கான மேடை. குறும்படக்காரர்கள் அங்கே போக வேண்டியது பிரதிநிதி அட்டை வாங்கிப் படம் பார்க்க. ஒரு வாரத்தில் பார்க்கக் கிடைக்கும் படங்களுக்கு அந்தக் கட்டணம் மிகக் குறைவு. ஒளிப்பதிவாளரையும் எடிட்டரையும் சேர்த்து அழைத்துப் போங்கள்.

நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் டாலரில். முதல் கெடு, நடுக் கெடு, கடைசிக் கெடு என்று ஏறிக்கொண்டே போகும், தேர்வாகாவிட்டால் திரும்பாது. ஐம்பது விழாக்களுக்கு வீசுவதைவிட, உங்கள் படத்தின் நீளத்துக்கும் பொருளுக்கும் ஒத்த எட்டுப் பத்து விழாக்களைத் தேர்ந்து எல்லாவற்றுக்கும் முதல் கெடுவில் அனுப்புவது மலிவு. இருபத்தெட்டு நிமிடப் படத்தைத் தேர்வுக்குழு தயங்கித்தான் எடுக்கும். அந்த இடத்தில் இரண்டு பதினான்கு நிமிடப் படங்களைப் போடலாம் என்று அவர்களுக்குத் தெரியும். படத்தை எங்கே முடிப்பது என்ற வீட்டுப்பாடத்தை எடிட்டிலேயே செய்துவிடுங்கள். தொடக்கத்தில் வரும் நன்றி அட்டைகள், கம்பெனி லோகோக்கள் எல்லாம் கடைசிக்குப் போகட்டும்.

தேர்வாகிவிட்டால் அடுத்த தலைவலி டிசிபி. திரையரங்கு புரொஜெக்டருக்கான கோப்பு அது. டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருளில் நீங்களே செய்யலாம். கவனிக்க வேண்டியவை சில. டிசிபி பொதுவாக விநாடிக்கு 24 ஃபிரேம். 25ல் எடுத்த பதினைந்து நிமிடப் படத்தை 24ல் ஓட்டினால் நீளம் 37 விநாடி கூடும், குரலும் சற்றுத் தடிக்கும். செல்போனில் எடுத்த காட்சிகள் ஃபிரேம் வேகம் நிலையில்லாமல் மாறுபவை. எடிட்டுக்கு முன்பே நிலையான வேகத்துக்கு மாற்றாவிட்டால் உதட்டசைவும் குரலும் போகப்போக விலகும். அளவு பிக்சலில் 1998×1080 அல்லது 2048×858. இரண்டுக்கும் நடுவான ஒரு விகிதத்தில் எடுத்திருந்தால் கருப்புப் பட்டை எங்கே வரும் என்று முன்பே பாருங்கள்.

ஒலியில் இன்னும் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஸ்டீரியோ மிக்ஸ் டிசிபியில் இடது வலது ஸ்பீக்கரில் மட்டும் ஒலிக்கும். நடுவில் உட்கார்ந்தவருக்குக் குறையில்லை. வலது ஓரத்தில் உட்கார்ந்த நடுவருக்கு வசனம் எல்லாம் சுவரிலிருந்து வரும். வசனத்தை மட்டுமாவது நடு ஸ்பீக்கருக்குத் தனியாகக் கொடுங்கள். யூடியூபுக்காக −14 எல்.யு.எஃப்.எஸ். (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) அளவில் உயர்த்தி மிக்ஸ் செய்தது ஹாலில் கத்தும். ஆபரேட்டர் ஒலியைக் குறைப்பார், மெல்லப் பேசும் காட்சிகள் காணாமல் போகும். விழாவுக்குத் தனி மிக்ஸ் செய்வது செலவு என்று பார்க்காதீர்கள்.

சப்டைட்டில் இல்லாமல் தமிழ்ப் படம் எங்கும் போகாது. இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், வரிக்கு 42 எழுத்து, விநாடிக்கு 15 முதல் 17 எழுத்து வேகம். பேசுவதை எல்லாம் மொழிபெயர்த்தால் பார்ப்பவர் படிப்பதிலேயே இருப்பார், நடிகரின் முகத்தைப் பார்க்க மாட்டார். பெங்களூருப் படங்களுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. வீட்டில் தமிழ், ஆட்டோக்காரரிடம் கன்னடம், ஆபீசில் ஆங்கிலம் என்று ஒரே காட்சியில் மொழி மாறும். வெளியூர் நடுவருக்கு அந்த மாற்றம் காதில் பிடிபடாது. கன்னட வசனங்களுக்குச் சாய்வெழுத்து போட்டு, முதல் இடத்தில் மொழியைக் குறிப்பிட்டுவிட்டால் பிரச்சினை தீரும். உள்ளூர்த் திரையிடலுக்குக் கன்னட சப்டைட்டில் தனியாகச் செய்துவைப்பது பெரிய மரியாதை. கன்னடம், தமிழ் எழுத்துகளை டிசிபியின் எழுத்து வசதியை நம்பி விட்டால் கொம்பும் காலும் இடம் மாறி வரக்கூடும். படத்தோடு சேர்த்துப் பதித்துவிடுங்கள்.

விழாச் சுற்று முடிய ஓராண்டுக்கு மேல் ஆகும். அதற்குப் பிறகுதான், அல்லது விழாக்கள் வேண்டாம் என்று தெளிவாக முடிவு செய்தபின்தான், ஊருக்குள் திரையிடல். 1971ல் தொடங்கிய சுசித்ரா ஃபிலிம் சொசைட்டி பனசங்கரியில் சொந்த அரங்கோடு இயங்குகிறது. தொம்ளூரில் பெங்களூர் இன்டர்நேஷனல் சென்டர், இந்திராநகரில் மேக்ஸ்முல்லர் பவன் இரண்டிலும் படம் பார்த்துவிட்டுப் பேசும் பார்வையாளர்கள் வருவார்கள். அல்சூர் ஏரிக்கரைப் பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தில் திரையிட்டால் படத்தின் மொழியே வீட்டு மொழியாக உள்ளவர்கள் பார்ப்பார்கள். இரண்டு கூட்டத்துக்கும் காட்டுங்கள். எங்கே சிரிக்கிறார்கள், எங்கே அமைதியாகிறார்கள் என்பது மாறும், அடுத்த படத்துக்கு அந்த அறிவு வேறெங்கும் கிடைக்காது.

சட்டம் ஒன்று உண்டு. பொதுமக்களுக்குத் திரையிடும் படத்துக்குத் தணிக்கைச் சான்று தேவை. விழாக்கள் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விலக்கு பெற்றுத் திரையிடுகின்றன. நீங்களே ஹால் எடுத்து டிக்கெட் போட்டால் அந்த விலக்கு உங்களுக்கு இல்லை. பின்னணியில் ஓடும் பழைய சினிமாப் பாட்டுக்கும் உரிமை வேண்டும். டீக்கடை ரேடியோவில் பத்து விநாடி ஒலித்தாலும் விழாப் படிவத்தில் ‘எல்லா உரிமையும் என்னிடம்’ என்று நீங்கள்தான் கையெழுத்துப் போடுகிறீர்கள்.

நல்கை: இன்னும் செய்யாத வேலைக்கு

இங்கே பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று. இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் என்ற அமைப்பு 1993ல் தொடங்கி, 1995 முதல் நல்கை வழங்கி வருகிறது. அதன் அலுவலகம் பெங்களூருவில்தான். விண்ணப்பத்தை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்பதில்லை. இந்திய மொழி எதிலும், தமிழிலும், அனுப்பலாம். ஆங்கிலத்தில் எழுதத் தயங்கியே நல்ல யோசனைகளை மூட்டை கட்டி வைத்திருப்பவர்கள் இதை முதலில் படிக்க வேண்டும். ஆய்வு, கலைப்படைப்பு, கல்வி என்று பிரிவுகள் உண்டு. புராஜெக்ட் 560 என்ற பிரிவு இந்த நகரத்தின் பகுதிகளைப் பற்றிய வேலைக்கே உருவானது. அல்சூர் பூப்பல்லக்கு, சிவாஜிநகரில் கையால் பெயர்ப்பலகை எழுதுபவர்கள், கன்டோன்மென்ட் பகுதியில் தமிழ்ப் படம் ஓட்டிய பழைய தியேட்டர்கள் எல்லாம் அங்கே எடுத்துப் போகத்தக்க பொருள்கள். பிரிவுகளும் கெடுவும் மாறும், அறிவிப்பைப் பார்த்து அனுப்புங்கள்.

நிராகரிக்கப்படும் விண்ணப்பங்களில் காணும் குறை பெரும்பாலும் ஒன்றுதான். பொருளின் பெருமை நான்கு பக்கம், நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்பது நான்கு வரி. அதைத் திருப்புங்கள். யாரைச் சந்திக்கப்போகிறீர்கள், அவர்கள் சம்மதித்துவிட்டார்களா, எத்தனை மாதம், முடிவில் என்ன வடிவம், அதை யார் பார்ப்பார்கள் என்று எழுதுங்கள். பட்ஜெட்டில் உங்கள் சொந்த ஊதியத்தைப் போடத் தயங்காதீர்கள். தன் உழைப்புக்குப் பூஜ்யம் போட்டவரின் திட்டம் ஆறாவது மாதம் நின்றுபோகும் என்பது படிப்பவர்களுக்குத் தெரியும். நேர்காணல் எழுத்துப்படி, வன்தட்டு இரண்டு, பயணம், மொழிபெயர்ப்பு எனத் தனித்தனி வரிகளாகப் பிரியுங்கள். ‘இதர செலவு’ என்று பெரிய தொகை ஒன்றை வைத்தால் நம்பிக்கை போய்விடும்.

பணம் கைக்கு வர மாதங்கள் ஆகும். அதற்குள் ஆர்வத்தில் படப்பிடிப்பை முடித்துவிட்டால் விண்ணப்பமே பொருளற்றதாகிவிடும். எனவே நல்கைக்குப் போகும் யோசனையை மற்ற வேலைகளிலிருந்து தனியாகப் பிரித்து வையுங்கள்.

எந்த நிலையில் இருப்பவருக்கு எது

கையில் பதினைந்துக்கும் குறைவான ஓவியங்கள், இதுவரை விற்றதில்லை என்றால் சந்தே, அதுவும் பிரின்டோடு. இருபதுக்கு மேல் ஒரே போக்கில் அமைந்த வேலை இருந்தால் நண்பர்களோடு வாடகை கேலரி. குறும்படம் முடிந்த கையோடு விழாப் பட்டியல். யூடியூப் சேனலை அதுவரை தொடவே வேண்டாம். யோசனை மட்டும் இருக்கிறது, பணம் இல்லை என்றால் நல்கை.

ஓவியமும் படமும் இரண்டையும் செய்கிறவர்கள் ஓராண்டில் இரண்டுக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டாம். டிசம்பர் முழுக்க சந்தேக்கு அச்சும் மவுண்டும் போகும். குறும்பட விழாவின் முதல் கெடுவைப் பிடிக்க வேண்டுமானால் ஆண்டின் முதல் மாதங்களில் எடிட் முடிந்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே பருவத்தில் மோதும். சந்தே ஆண்டில் படத்தின் எழுத்து வேலை, விழா ஆண்டில் ஓவியத்தின் புதுத்தொடர் என்று மாற்றி வைத்துக்கொண்டால், ஸ்டோரிபோர்டுக்காக வரைந்த படங்களே அடுத்த சந்தேயில் எண்ணிட்ட பிரின்டாக உட்காரும்.